எண்ணிக்கையும் எண்ணமும்: ஹெர்பர்ட் குரோமரின் ஆய்வு வெளியீட்டை முன்வைத்து

ஆய்வாளர் ஒருவரின் தகுதியை அளப்பதற்கு அவர்தம் வெளியீட்டுப் பட்டியலே முதற்சான்றாகக் கொள்ளப்படுகிறது. கட்டுரைகள் எத்தனை, அவை வெளிவந்த இதழ்கள் எவை, பிறர் மேற்கோளாக எடுத்தாண்டது எத்தனை முறை என்னும் மூன்று வினாக்களுக்குள் ஒரு வாழ்நாள் உழைப்பு அடக்கப்பட்டுவிடுகிறது. இவ்வளவைமுறை எங்கே பிழைபடுகிறது என்பதைக் குறைக்கடத்தி லேசர்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1962இல் உருவான முதல் குறைக்கடத்தி லேசர்கள் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட நிலையில், சிறுசிறு துடிப்புகளாக மட்டுமே ஒளி உமிழ்ந்தன. அறை வெப்பநிலையில் அவற்றைத் தொடர்ந்து இயக்க இயலவில்லை. கரையில்லா வாய்க்காலில் நீர் பரவி வீணாவது போல, ஒளியை உண்டாக்க வேண்டிய மின்னூட்டங்கள் சிதறிப் போனமையே இதற்குக் காரணம். ஜெர்மனியின் வைமார் நகரில் 1928இல் பிறந்த ஹெர்பர்ட் குரோமர், கலிபோர்னியாவில் வேரியன் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒரு குறைக்கடத்தி அடுக்கின் இருபுறமும் வேறுவகைக் குறைக்கடத்தி அடுக்குகளை அமைத்தால், அவை கரைகளாக நின்று மின்னூட்டங்களை நடுவே தேக்கும் என்பது அவரது முன்மொழிவு.

இதனை விளக்கிய கட்டுரையை 'அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழ் ஏற்கவில்லை. பின்னர் 1963 டிசம்பரில் 'ஐ.இ.இ.இ. நடவடிக்கைகள்' இதழில் அது இரண்டு பக்க அளவில் வெளிவந்தது. எனினும் எவரும் பொருட்படுத்தவில்லை. நடைமுறைப் பயன் இராது எனக் கருதிய நிறுவனம், அக்கருத்தைச் செயற்படுத்துவதற்கான வசதிகளையும் அவருக்கு மறுத்தது. அவ்வாண்டின் இறுதியில் எவரேனும் குரோமரின் பட்டியலை மதிப்பிட்டிருந்தால், அவ்விரு பக்கங்களுக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

அதே 1963இல் சோவியத் ஒன்றியத்தில் ஷோரெஸ் அல்ஃபெரோவும் ருடால்ஃப் கசரினோவும் தனியே இக்கருத்தை எட்டியிருந்தனர். 1970இல் அல்ஃபெரோவின் குழுவும், சில வாரங்களில் அமெரிக்க பெல் ஆய்வகத்தினரும் அறை வெப்பநிலையில் தொடர்ந்து இயங்கும் லேசரை உருவாக்கினர். ஒளியிழைத் தகவல்தொடர்பும் குறுந்தட்டுக் கருவிகளும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவையே. 2000ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதியை அல்ஃபெரோவும் குரோமரும் பகிர்ந்துகொண்டனர். இடைப்பட்ட காலம் 37 ஆண்டுகள்.

இது தனித்த நிகழ்வன்று. குவாண்டம் அருவி லேசருக்கு அடிப்படையான கோட்பாட்டைக் கசரினோவும் சூரிஸும் 1971இலேயே வெளியிட்டனர். பெல் ஆய்வகத்தின் ஃபைஸ்ட், கப்பாசோ குழுவினர் அத்தகைய கருவியை 1994இல்தான் இயக்கிக் காட்டினர். மிக மெல்லிய அடுக்குகளைப் பிழையின்றி வளர்க்கும் நுட்பம் முதிரும்வரை அக்கோட்பாடு காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாண்டு, ஐந்தாண்டு கால மேற்கோள் கணக்கு இத்தகைய காத்திருப்பை அளக்கும் திறனற்றது.

எண்ணிக்கையே வேண்டா என்பது இங்கு வாதமன்று. வேண்டியவர், வேண்டாதவர் என்னும் பாகுபாட்டைத் தடுக்க எண்கள் ஓரளவு துணைபுரிகின்றன. மறுக்கப்பட்ட கட்டுரைகள் யாவும் உயர்ந்தவை என்பதும் பொருளன்று. ஆனால், வாசிப்பதற்குத் துணையாக வேண்டிய எண், வாசிப்பதற்கு மாற்றாகிவிடும்போது தவறு நேர்கிறது. இதழின் தாக்கக் குறியெண்ணைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடலாகாது என 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை வலியுறுத்துவதும் இதனையே.

பட்டியலைக் கணக்கிடச் சில நிமிடங்கள் போதும். அதிலுள்ள ஒரு கட்டுரையைப் படித்து, அது எந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது, எவ்வளவு தொலைவு சென்றது என அறிய உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைத் தவிர்க்கும் மதிப்பீட்டுக்குழு, ஆய்வாளரை அளப்பதில்லை. அவரது பட்டியலின் நீளத்தையே அளக்கிறது. குரோமரின் அவ்விரு பக்கங்களை அன்று பொறுமையுடன் படிக்க ஒருவர் முன்வந்திருந்தால், அவருக்கு மறுக்கப்பட்ட வசதிகள் கிடைத்திருக்கக்கூடும்.