சேப்பாக்கத்துக்கு அஞ்சு, பெரியமேட்டுக்கு முட்டை

ஆவடியில் லோக்கல் ஏறினால் மூர் மார்க்கெட் வரை ஒரே வண்டி. இறங்கி பூங்கா நகர் போய் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம். பிடிக்காமல் பெரியமேடு பக்கம் நடையைக் கட்டினால் நேரு உள்விளையாட்டரங்கம். முதல் இடத்தில் ஆடுவது சென்னை சூப்பர் கிங்ஸ், ஐபிஎல் கோப்பை அஞ்சு. இரண்டாவது இடத்தில் தமிழ் தலைவாஸ். 2017-ல் புரோ கபடிக்கு வந்த அணி, 2025 சீசன் வரை ஒரு பைனல் கூட ஆடியதில்லை.

இதை வைத்து லோக்கல் டிரெயினில் ஒரு வாதம் ரெகுலராக ஓடும். ஐபிஎல்லில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம், கபடியில் எல்லாம் செட்டப், வடக்கே இருக்கிற டீம்தான் ஜெயிக்கும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் கதை தலைகீழ்.

2008 முதல் 2025 வரை ஐபிஎல் 18 சீசன். எட்டு அணிகள் கோப்பை தூக்கியிருக்கின்றன. ஆனால் அதில் மும்பை 5, சென்னை 5. அதாவது 18-ல் 10 கோப்பை ரெண்டே வீட்டு அலமாரியில். இன்னும் சொன்னால், சென்னை இரண்டு வருஷம் (2016, 2017) தடையில் வெளியே இருந்தது, மீதி 16 சீசனில் 10 பைனல்! புரோ கபடி 2014-ல் ஆரம்பித்து 2025 வரை 12 சீசன். இங்கேயும் எட்டு சாம்பியன்கள். பாட்னா 3, ஜெய்ப்பூர் 2, டெல்லி 2, மும்பை, பெங்களூரு, பெங்கால், புனே, ஹரியானா தலா ஒன்று. பாட்னா 2016-லும் 2017-லும் தொடர்ந்து மூன்று தூக்கியதைத் தவிர யாரும் ரொம்ப நாள் நாட்டாமை பண்ணவில்லை.

இரண்டு லீக்கிலும் ஏலம் உண்டு, எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ் உண்டு. விதி ஒன்று, விளைவு வேறு. ஏன்?

முதலில் இந்தச் சமநிலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: காமர்ஸ் படிக்கிற யாரும் முதல் வருஷத்திலேயே போட்டியாளனை ஒழித்தால் கம்பெனிக்கு லாபம் என்று படித்திருப்பார்கள். விளையாட்டில் அது செல்லாது. வால்டர் நீல் என்ற பொருளாதார நிபுணர் 1964-ல் குத்துச்சண்டையை வைத்து இதைச் சொன்னார். ஜோ லூயிஸ் எவ்வளவு பெரிய சாம்பியனாக இருந்தாலும் எதிரே மேக்ஸ் ஷ்மெலிங் மாதிரி ஒருவர் நின்றால்தான் டிக்கெட் விற்கும். எதிரி செத்தால் கடையையும் மூட வேண்டியதுதான். ரஞ்சி கோப்பையில் ஏலம் கிடையாது, பர்ஸ் கிடையாது. பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை வரிசையாக 15 முறை ஜெயித்தது. அந்த அணியின் கணக்கு 2024-ல் 42 ஆனது. தமிழ்நாடு? 1954-55, 1987-88. அவ்வளவுதான். அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் லீக்குகள் பர்ஸைக் கட்டுகின்றன.

சரி, விஷயத்துக்கு வருவோம். கணக்குப் புலிகள் சொல்வது என்னவென்றால், புள்ளிகள் அதிகம் விழும் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு, நல்ல டீம்தான் ஜெயிக்கும். 40 நிமிஷக் கபடியில் இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது எழுபது புள்ளி சாதாரணம். டி20-யிலோ ஒரு டாஸ், கொஞ்சம் பனி, ஒரு மோசமான ஓவர் போதும், மேட்ச் காலி. இந்தக் கணக்குப்படி கபடியில்தான் ஒரே டீம் ஆள வேண்டும். நடந்தது அது இல்லையே!

ஒரு காரணம் கபடியின் விதியிலேயே இருக்கிறது. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவோ மிஞ்சியிருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. சூப்பர் டேக்கிள். விழுந்து கிடப்பவனுக்குக் கை கொடுக்கிற விதி. கிரிக்கெட்டில் ஏழு விக்கெட் போனவனுக்கு ரன்னை டபுளாக்கித் தருகிறார்களா என்ன?

ஆனால் பெரிய காரணம் பர்ஸுக்குள் இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே பணம் என்றால், ஜெயிப்பது அதிகம் செலவழிப்பவன் இல்லை, பத்து ரூபாய்ச் சரக்கை மூன்று ரூபாய்க்கு வாங்குபவன். சென்னையும் மும்பையும் இதில் கில்லாடிகள். 2018-ல் "டாடிஸ் ஆர்மி" என்று எல்லோரும் சிரித்த சென்னை அணியை நினைத்துப் பாருங்கள். வாட்சன் 4 கோடி, பைனலில் 117 நாட் அவுட். ராயுடு 2.2 கோடி, சீசனில் 602 ரன். தீபக் சாஹர் வெறும் 80 லட்சம். மும்பை 2015-ல் ஹர்திக் பாண்டியாவை எடுத்தது 10 லட்சத்துக்கு! அப்படி எடுத்தவர்களைத் தக்கவைத்துக்கொள்ள விதி வழி விடுகிறது. 120 கோடி பர்ஸில் ஒரு ஸ்டார் எவ்வளவு கேட்டாலும் டீம் உடையாது. 2025 சீசனுக்கான ஏலத்தில் ரிஷப் பந்த்துக்கு லக்னோ கொடுத்த 27 கோடிதான் ரெக்கார்டு, அதுவே பர்ஸில் கால்வாசிக்கும் குறைவு. (லக்னோ அந்த வருஷம் ஏழாவது இடம், அது வேறு சோகம்.)

கபடியில் தக்கவைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் பர்ஸ் சின்னது, ஏழு பேரில் ஒரு ரெய்டரின் எடை பெரியது. 2023-ல் பர்ஸ் 5 கோடி. பவன் செராவத்துக்கு மட்டும் தெலுங்கு டைட்டன்ஸ் கொடுத்தது 2 கோடி 60 லட்சத்துச் சொச்சம். பாதிக்கு மேல் ஒரே ஆள்! மிச்சக் காசில் எதை வாங்குவது? 22 மேட்சில் 2 வெற்றி, கடைசி இடம். இப்படி விலை ஏறுவதால் ஸ்டார் ஓரிடத்தில் நிற்பதே கஷ்டம். 2017-ல் 369 ரெய்டு புள்ளி எடுத்து பாட்னாவுக்கு மூன்றாவது கோப்பை வாங்கித் தந்த பர்தீப் நர்வால், 2021-ல் 1.65 கோடிக்கு உத்தரப் பிரதேச அணிக்குப் போனார். அங்கே கோப்பை வரவில்லை. அவர் இல்லாத பாட்னா அந்த சீசனிலேயே பைனல் போய் ஒரே ஒரு புள்ளியில் டெல்லியிடம் தோற்றது. அந்த டெல்லியின் ஹீரோ நவீன் குமார் 2025-ல் ஹரியானாவுக்குப் போனார், அவர் இல்லாமலே டெல்லி மறுபடி சாம்பியன். ஸ்டார் போனால் வீடு இடிந்துவிடுவதில்லை, ஸ்டார் வந்தால் கோபுரமும் எழும்புவதில்லை. அதனால்தான் கோப்பை ஊர் சுற்றுகிறது.

இப்போது தலைவாஸ். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் மூன்று பேரும் ஒரே டீமில். போஸ்டர் அட்டகாசம். 12 அணிகளில் கடைசி. 2022-ல் பவனுக்கு 2.26 கோடி, அன்றைக்கு அதுதான் லீக்கின் அதிகபட்ச விலை. முதல் மேட்சிலேயே முழங்காலில் அடி, சீசன் முடிந்தது. அத்தோடு டீமும் முடிந்தது என்று எல்லோரும் டிவியை அணைக்க, நரேந்தர் என்ற புதுப் பையன் முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்தார். எலிமினேட்டரில் டை ஆகி டைபிரேக்கரில் ஜெயித்து முதல்முறையாக அரையிறுதி, அங்கே புனேயிடம் இரண்டே புள்ளியில் தோல்வி. பெரிய விலைக்கு வாங்கிய ஆள் பெஞ்சில் இருந்த வருஷம்தான் அணியின் நல்ல வருஷம்! அதில் பாடம் படித்தார்களா? 2024-ல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, அந்த ஏலத்தின் டாப் விலை. பிளேஆஃப் கிடையாது.

சமநிலையான லீக்கில் எட்டு பேர் ஜெயித்திருக்கும்போது ஒன்பதாவது ஆளாகக்கூட வர முடியவில்லை என்றால் குற்றம் லீக்கில் இல்லை. செட்டப் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

மஞ்சள் சட்டைக்காரர்களுக்குக் கசக்கிற பாதி இனிமேல்தான் (கல்லெறிய வேண்டாம்). 2025 சீசனுக்கு முன்னால், அஞ்சு வருஷம் சர்வதேச கிரிக்கெட் ஆடாத இந்திய வீரர் "அன்கேப்டு" என்று ஒரு விதி திரும்ப வந்தது. அதன்படி உலகக் கோப்பை வென்ற கேப்டன் தோனி, இந்தியாவுக்கே ஆடாத பையனின் கணக்கில் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். 2022-ல் அவர் விலை 12 கோடி. வித்தியாசத்தில் எத்தனை ஆள் வாங்கலாம் என்று கணக்குப் போட பி.காம். வேண்டியதில்லை. வேறு அணி இதைச் செய்திருந்தால் ஆவடி லோக்கலில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று யோசியுங்கள். பர்ஸ் ஒன்று என்று சொல்லிவிட்டு அதில் ஓட்டை போடுவது ஓட்டைதான், யார் போட்டாலும். அந்த விதியை எடுத்துவிட்டு, தக்கவைக்கும் எண்ணிக்கையையும் இரண்டு மூன்றாகக் குறைத்தால் ஐபிஎல் கோப்பையும் கபடிக் கோப்பை மாதிரி நாலு ஊர் பார்க்கும்.

சேப்பாக்கத்துக்கு ஆறாவது வருவது அப்போது தாமதமாகலாம். 2025-ல் அந்த 4 கோடிச் சலுகையோடும் சென்னை ஜெயித்தது 14-ல் 4 மேட்ச், ஐபிஎல் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். அந்த வருஷம் கோப்பை, 18 வருஷம் காத்திருந்த பெங்களூருக்குப் போனது. அதைப் பார்த்து இங்கேயே கூட சில பேர் சந்தோஷப்பட்டார்கள், வெளியே சொல்லவில்லை.