தப்பு எங்கேன்னு சொல்லுங்க!



போன வருஷம் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட அம்மாவும் நானும் டவுனில் உள்ள ஒரு கணினி மையத்துக்குப் போனோம். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியதும் திரையில் "தவறான உள்ளீடு" என்று சிவப்பாக வந்தது. அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில் தவறு, என்ன தவறு, ஒன்றுமே இல்லை. அங்கிருந்த அண்ணா ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, வருமானச் சான்று எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது என்று கண்டுபிடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. சான்று வீட்டில் இருந்தது. மறுநாள் எடுத்துக்கொண்டு போனோம். அதைச் சரிசெய்தால் மறுபடியும் அதே சிவப்பு எழுத்து! இந்தத் தடவை வங்கிக் கணக்கு எண். பாஸ்புக் வீட்டில். மூன்றாவது நாளும் போனோம்.

அம்மாவுக்கு மூன்று நாள் கூலி போச்சு. அதைவிட, பஸ்ஸில் வரும்போது அம்மா, "நமக்குப் படிப்பு இல்ல, அதான் இப்படி"ன்னு சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு எண்ணும் முதல் நாளே தப்பாகத்தான் இருந்தன. அன்றைக்கே இரண்டையும் சொல்லியிருந்தால் இரண்டு தாளையும் சேர்த்தே எடுத்துப் போயிருப்போமே! தப்பாக எழுதியது நாங்கள்தான். ஆனால் தப்பு எங்கே என்று சொல்லாமல் விட்டது அந்த நிரல்.

என் அக்கா கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லி அழுதபோது, தன் மடிக்கணினியில் 'பைடான்டிக்' என்ற நூலகத்தைக் காட்டினாள். நூலகம் என்றால் புத்தகம் இருக்கும் நூலகம் இல்லை. ஒருவர் எழுதி வைத்த நிரலை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம், அதுதான் நூலகம். சாமுவேல் கோல்வின் என்பவர் 2017இல் இதைத் தொடங்கினார். பைத்தான் மொழியில் எழுதுகிறவர்கள், வரும் தகவல் சரியா என்று பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அக்கா மூன்று மாணவர்களின் வயதைக் கொடுத்தாள். முதல் ஆளுக்கு 14. இரண்டாவது ஆளுக்கு எண் போடாமல் 'பதினாலு' என்று எழுத்தில். மூன்றாவது ஆளுக்கு வயதே போடவில்லை. முதல் தப்பிலேயே அது நின்றுவிடவில்லை. கடைசி வரை பார்த்துவிட்டு, "2 தவறுகள்" என்று மொத்தமாகச் சொன்னது. ஒவ்வொரு தவறையும் தனித்தனிப் பகுதியாகப் பிரித்தும் வைத்திருந்தது. தவறு எந்த இடத்தில், என்ன வகை, நாம் கொடுத்தது என்ன, படித்துப் புரிந்துகொள்ள ஒரு வாக்கியம். நம் கணக்கு நோட்டில் டீச்சர் வெறும் பெருக்கல் குறி போடாமல், தப்பான வரியைச் சுழித்துப் பக்கத்தில் காரணமும் எழுதினால் எப்படி இருக்கும், அப்படி!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டாவது மாணவரின் இடத்தை அது 1 என்று காட்டியது. பைத்தான் 0இலிருந்து எண்ணுமாம். அப்படியே அம்மாவிடம் காட்டினால் குழம்பிப் போவாங்க. அதனால் இடமும் வகையும் நிரலுக்கு, வாக்கியம் மனுஷருக்கு என்று நான் புரிந்துகொண்டேன். பகுதிகளைப் பிரித்து வைத்தால் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. வாக்கியம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஆனால் வகைக்கு ஒரு நிலையான பெயர் இருப்பதால், 'விடுபட்டது' என்ற வகை வந்தால் "இந்தக் கட்டத்தை நிரப்பவில்லை" என்று தமிழில் காட்ட நாமே எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாகக் குழைத்துக் கொடுத்தால் இது ரொம்பக் கஷ்டம்.

"முதல் தப்பிலேயே நிறுத்துவதுதானே சுலபம்?" என்று சிலர் கேட்கலாம். நிரல் எழுதுகிறவருக்குச் சுலபம்தான். பஸ் ஏறி வருகிறவருக்கு? எல்லாத் தப்பையும் ஒரே தடவையில் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். பிறந்த தேதியே தப்பாக இருந்தால், வயது தகுதிக்குள் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு இன்னொரு தடவை பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் எங்கள் இரண்டு எண்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். நாம் கொடுத்ததைத் திருப்பிக் காட்டுவது நல்லதுதான். ஆனால் கடவுச்சொல்லையும் கணக்கு எண்ணையும் பிழைச் செய்தியில் போட்டு எங்கேயாவது சேமித்து வைத்தால் ஆபத்து. அந்த மதிப்பைக் காட்டாமல் மறைக்கவும் பைடான்டிக்கில் வழி இருக்கிறது.

தோழர்களே! நம்மில் சிலர் நாளைக்கு நிரல் எழுதப் போகிறோம். அன்றைக்கு "தவறு" என்ற ஒற்றை வார்த்தையோடு யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கே, என்ன, எப்படிச் சரிசெய்வது என்று சொல்லுங்கள். தெரிந்ததை எல்லாம் ஒரே தடவையில் சொல்லுங்கள். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மாவாகக்கூட இருக்கலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி