கறிக்குத் தராசு உண்டு, ஆட்டுக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காளவாசலில் கறிக்கடை முன்னால் நிற்பது எங்கள் வீட்டில் என் வேலை. அம்மா போடும் உத்தரவு எப்போதும் ஒன்றுதான்: "அரைக்கிலோ. இளங்கறியா, எலும்பு கம்மியா. வாலைப் பாத்து வாங்கு."

வால் எதற்கு என்று கேட்கிறீர்களா? வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி நிற்கும், செம்மறிக்குக் கீழே தொங்கும். தோலை உரித்துவிட்டால் எது எது என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் வாலை மட்டும் விட்டுவைக்கிறார்கள்.

கடைக்கார அண்ணன் எலக்ட்ரானிக் தராசில் 500 என்று எண் விழும்வரை ஒரு துண்டை வைப்பார், எடுப்பார். பத்து கிராம் குறைந்தாலும் பின்னால் நிற்கும் பாட்டி விடமாட்டார். சிலேட்டில் கிலோ 800 என்று எழுதியிருந்த ஒரு ஞாயிறன்று, பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது திடீரென்று தோன்றியது. இந்த ஆட்டை வளர்த்தவருக்கு இதில் எவ்வளவு போயிருக்கும்?

பதில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. கள்ளிக்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தி ஆடு வளர்க்கிறார். நிலம் கிடையாது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு 4 ஆடு கொடுத்தார்களே, அப்படி வந்தவைதான். அதன் பேரன் பேத்திகள் இப்போது பதினொன்று நிற்கின்றன. பெரும்பாலும் கன்னி ஆட்டு ஜாடை, கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. பாதி ஈற்று இரட்டைக் குட்டி.

"ஒரு கிடாக்குட்டி எத்தனை கிலோ இருக்கும் சித்தி?"

"அதென்ன, கறியா கிலோ கணக்குல சொல்ல? ஆடுத்தா. பாத்தாத் தெரியும்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சூட்கேஸ் நிறுக்க வாங்கிய கொக்கித் தராசு ஒன்று என்னிடம் இருந்தது. 50 கிலோ வரை தாங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய குட்டியை, விடியற்காலையில் மேய்ச்சலுக்கு விடுமுன் ஒரு சாக்கில் உட்காரவைத்துத் தூக்கினோம். 14 கிலோ 200 கிராம். சித்தப்பா மூன்று தரம் நிறுத்துப் பார்த்தார். நம்பவே முடியவில்லை அவருக்கு. பன்னிரண்டு இருக்கும் என்று நினைத்திருந்தாராம்.

சந்தையில் தராசு எதுவும் என் கண்ணில் படவில்லை. தரகர் வந்தார், குட்டியின் முதுகுத்தண்டில் விரலை ஓட்டினார், சப்பையைப் பிடித்துப் பார்த்தார், ஒரு கையால் தூக்கி இறக்கினார். "3,700" என்றார். அவ்வளவுதான் அவருடைய தராசு. குறை சொல்லவில்லை. முப்பது வருடக் கை அது, ஒரு கிலோ முன்னே பின்னே சரியாகச் சொல்லும். ஆனால் அந்தக் கை அவரிடம் மட்டும்தானே இருக்கிறது?

நான் எடையைச் சொன்னேன். சிரித்தார். "வயித்துல கிடக்கிற தழையும் தண்ணியும் சேந்துதான எடை, தாயி? அதுக்குமா காசு குடுப்பாங்க?" நியாயமான கேள்வி. ராத்திரி பூரா ஒன்றும் தின்னாமல் இருந்த வயிறு என்று சித்தப்பா சொன்னார். கொஞ்ச நேரம் பேச்சு இழுத்தது. 4,500-க்கு முடிந்தது. இதற்கு முந்தைய ஈற்றில் இதே வாட்டத்தில் ஒரு குட்டியை 4,000-க்குத் தள்ளிவிட்டதாக வழியெல்லாம் சித்தப்பா புலம்பிக்கொண்டே வந்தார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி தேறும். 14 கிலோ குட்டியில் ஆறரை கிலோ. 800 ரூபாய் விலைக்கு 5,200. தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி தனி. தரகு, வண்டி வாடகை, கடை வாடகை, வெட்டுபவர் கூலி, விற்காமல் மிஞ்சியது எல்லாம் இதற்குள்தான். ஆகவே கடைக்கார அண்ணன் கொள்ளையடிக்கிறார் என்று நான் எழுதப் போவதில்லை. எனக்கு உறுத்தியது வேறு. குட்டி ஏன் 14 கிலோவிலேயே சந்தைக்குப் போனது?

ஜூன் மாதம். தம்பிக்குப் பள்ளிக்கூடச் செலவு. பதில் அவ்வளவுதான்.

நாட்டு வெள்ளாடு நன்றாக மேய்ந்தால் நாளுக்கு 50 கிராம் அளவில் எடை கூடும். இன்னும் 80 நாள் வைத்திருந்தால் 18 கிலோ. அதே விலைக் கணக்கில் 5,700 ரூபாய். நமக்கும் அதில் லாபம் இருக்கிறது. ரொம்பச் சின்னக் குட்டியில் கறியைவிட எலும்பின் பங்கு கூடுதல். 'இளசு' என்று கேட்டு வாங்கி, வீட்டில் வந்து "எல்லாம் எலும்பா இருக்கே" என்று அம்மா முகம் சுளிப்பதற்குக் காரணம் பாதி நாம்தான். பல்லுக்கு மெத்தென்று இருக்க அவ்வளவு சின்னக் குட்டி தேவையில்லை, ஒரு வயதுக்குள் இருந்தாலே போதும்.

ஆனால் 80 நாள் என்பது சித்திக்கு வெறும் காத்திருப்பு இல்லை. ஆட்டுக்கொல்லி நோயோ துள்ளுமாரியோ வந்தால் மொத்தமும் போச்சு. தடுப்பூசி இருக்கிறது, கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆளைத் தெரியாமல் அரிப்பது குடற்புழு. ஆடு நடமாடும், மேயும், எடை மட்டும் ஏறாது. கண்ணால் பார்த்தால் தெரியாது, மாதம் ஒருமுறை நிறுத்தால் தெரிந்துவிடும். அப்போதே பூச்சிமருந்து கொடுத்து, கொஞ்சம் அகத்தியும் சவுண்டல் தழையும் ஒடித்துப் போட்டால் பிடித்துவிடும் என்கிறார் சித்தி.

ஆஸ்திரேலியாவில் செம்மறி வளர்ப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆட்டை வெட்டி, கொக்கியில் தொங்கவிட்ட பிறகு, அந்த உடல் எடைக்குக் கிலோ இவ்வளவு என்று பணம். வயிற்றில் தழையா தண்ணியா என்ற பேச்சே இல்லை. திருமங்கலத்தில் அது நாளைக்கே வராது. சந்தை வாசலில் ஒரு தராசு மேடை போடலாமே, அதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்த்திக்கடன் கிடாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே நிறம், கொம்பு, சாமிக்கு நேர்ந்த பேச்சு. வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் பிரியாணித் திருவிழா சமயத்தில் கிடாவை நிறுத்து விற்கலாமா என்று கேட்டதற்குச் சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தராசைச் சித்தி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சில் எழுத்து: கறுப்பி மகன் 9.600. சுட்டிக்காது 11.100. நொண்டி 8.200. நொண்டிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, 'போன மாசமும் இதேதான். பூச்சிமருந்து' என்று எழுதியிருந்தார்.