கேமிங் மவுஸ் வாங்குறீங்களா? முதல்ல உங்க கையைப் பாருங்க

1/ கேமிங் மவுஸ் பெட்டியில பெருசா தெரியறது டிபிஐ. 25,600-னு கூட இருக்கும். அது சென்சாரோட கணக்கு. உங்க மணிக்கட்டுக்கு அதால எந்த நன்மையும் இல்லை.

2/ நமக்கேத்த மாதிரி மாத்திக்கிற வசதியில, ஒரு டாக்டரா நான் பார்க்கறது எடையும் பட்டனும்தான். லாஜிடெக் ஜி502 ஹீரோ ஒயர் இல்லாமலே 121 கிராம். கூடவே 3.6 கிராம் எடைக்கட்டிகள் 5 தர்றாங்க. அதைப் போடாதீங்க. மவுஸைத் தூக்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் கைதான் சுமக்கணும்.

3/ ரேசர் நாகா டிரினிட்டியில பக்கத் தகட்டை மாத்தி 2, 7, 12 பட்டன் வெச்சுக்கலாம். ஆனா 12-ஐயும் அழுத்தப்போறது ஒரே கட்டைவிரல். அதை விரிக்கிற 2 தசைநாண்கள் மணிக்கட்டுல ஒரே உறைக்குள்ள போகுது. ஓயாம வேலை வாங்கினா அங்கதான் வலி ஆரம்பிக்கும். உங்க கேமுக்குத் தேவையானது போதும். மீதியை இடது கை கீபோர்டுல பார்த்துக்கட்டும்.

4/ கடையில பிடிச்சுப் பார்த்து வாங்குங்க. விரல் தானா பட்டன்ல உட்காரணும். இறுக்கிப் பிடிக்கவேண்டி இருந்தா வேணாம்.

5/ கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிக்கடி மரத்துப்போகுதா? அடுத்த மவுஸைத் தேடாதீங்க. டாக்டரைப் பாருங்க.