இந்தப் படத்தை எங்கே பார்ப்பது?

தொழிலாளி வீட்டுக் கதையைச் சொல்லும் பழைய படம் ஒன்று உண்டு. 1954-ல் வெளிவந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்', அதாவது 'மண்ணின் உப்பு'. அதை எங்கே பார்ப்பது என்று கேட்கும் தோழர்களுக்கு நமது பதில்: சங்கக் கட்டிடத்தில் பாருங்கள், குடும்பத்தோடு பாருங்கள்.

அமெரிக்காவில், நியூ மெக்சிகோ ராஜ்யத்தில், ஒரு துத்தநாகச் சுரங்கம். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சத்தினர். வெள்ளைத் தொழிலாளியின் வீட்டில் குழாய்த் தண்ணீர் இருந்தது; இவர்கள் வீட்டில் இல்லை. 1950 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. தொழிலாளர்கள் மறியல் செய்யக் கூடாதென்று கோர்ட்டு தடை போட்டது. மனைவிமார் சங்க உறுப்பினர்கள் அல்லவே! அவர்கள் மறியலில் நின்றார்கள், குழந்தைகளோடு சிறை சென்றார்கள். போராட்டம் 15 மாதம் நடந்தது.

இந்த உண்மைப் போராட்டமே படத்தின் கதை. பெண்கள் மறியலுக்குப் போனதும், ஆண்கள் துணி துவைக்கிறார்கள், தண்ணீர் சுமக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று மனைவி கேட்டது எவ்வளவு நியாயம் என்பது அப்போதுதான் கணவனுக்கு உறைக்கிறது.

கணவனாக நடித்தவர் அந்தச் சங்கத்தின் தலைவர் ஹுவான் சாக்கோன். மனைவியாக நடித்த மெக்சிகோ நடிகை ரோசவுரா ரெவ்வெல்தாஸை, படப்பிடிப்பு முடியுமுன்பே கைது செய்து நாட்டை விட்டு அனுப்பினார்கள். அமெரிக்கா முழுவதிலும் ஏறக்குறைய ஒரு டஜன் கொட்டகைகளே படத்துக்கு இடம் கொடுத்தன.

நம் அனுபவமும் இதுதான். 1960-ல் பொதுவுடைமை இயக்கக் கலைஞர்கள் கூடி 'பாதை தெரியுது பார்' எடுத்தார்கள். நிமாய் கோஷ் இயக்கினார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார், ஜெயகாந்தனும் பட்டுக்கோட்டையாரும் பாட்டு எழுதினார்கள். பாட்டு நிலைத்தது, கொட்டகையில் படம் நிலைக்கவில்லை. உழைப்பாளியின் படத்துக்கு முதலாளியின் கொட்டகையை நம்பினால் கதி இதுதான்.

இன்று 'மண்ணின் உப்பு' இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆளுக்கு ஆள் செல்போனில் பார்க்கலாமே என்பார்கள் சிலர். பார்க்கலாம்; ஆனால் அடுப்படியில் நிற்கும் மனைவி அதைப் பார்ப்பாளா? பெரம்பலூர்ச் சீமையில் பருத்தி எடுப்பதும் சின்ன வெங்காயம் அறுப்பதும் பெண்கள் கை. கூலி பேசும் கூட்டத்திலோ அவர்கள் பின்வரிசை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தோழரின் வீட்டிலும் குடத்தைத் தூக்குவது யார்? ஆலை வாசலில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் எஜமானனாக இருப்பவன், பாதிப் படையை வீட்டிலேயே பூட்டி வைக்கிறான்.

பேச்சு இங்கிலீஷில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். படித்த இளந்தோழர் ஒருவர் காட்சிக்குக் காட்சி நிறுத்தித் தமிழில் சொல்லட்டும். படம் ஒன்றரை மணி நேரம்தான். சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் போதும். கூலி வேலை முடிந்து பெண்கள் வரத்தக்க நேரத்தில் வையுங்கள்.

படம் முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர்கள் பெண்கள். அன்று தேநீர் போடுவதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண் தோழர்களின் பொறுப்பு. பெண்கள் சொல்லும் கோரிக்கைகளை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் அவற்றை மேஜை மீது வையுங்கள், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து!