தொகுத்தாரும் தொகுப்பித்தாரும்

மலர் என்று ஒன்று வெளிவருமாயின் அதன் முற்பக்கங்கள் ஆசிச் செய்திகளுக்கே உரியன என்பது எம் நாட்டு வழக்கு. அமைச்சர் முதல் முன்னாள் அதிபர் ஈறாகப் பெரியோர் பலர் அங்கே மலரை வாயார வாழ்த்துவர். அவருள் எவரும் மலரைப் படித்துவிட்டு வாழ்த்தியவரல்லர். அவர் வாழ்த்தும்போது மலரிற் பாதி எழுதப்படாமலும் மீதி அச்சகத்தாரிடம் அகப்பட்டும் கிடந்திருக்கும். இதனை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. கலியாண வீட்டில் அறுகரிசி இடுவோர் மணமக்களின் இல்வாழ்க்கையை ஆராய்ந்தறிந்த பின்னரோ இடுகின்றனர்? ஆனால், ஆசி வழங்கிய பெரியார் ஒருவர் அவ்வளவில் அமையாது, “இம்மலரிலுள்ள கட்டுரைகளெல்லாம் யாமே தெரிந்தெடுத்தவை” என்று கூறி, அட்டையிலே தமது படத்தையும் பொறிப்பாராயின், கட்டுரைக்காக வீடுவீடாய் அலைந்த மலராசிரியர் நிலை யாதாகும்? மேலைநாட்டு இசைத்தட்டு வாணிகத்தில் இத்தகைய கூத்து நெடுங்காலம் நடந்து வந்துள்ளது. அதனைப் பற்றிச் சிறிது சொல்லக் கருதினோம்.

கூத்தின் இலக்கணம் இது. பலர் பல காலங்களிற் பாடிய பாடல்களுள் பதினைந்து இருபதைத் திரட்டி ஒரு தட்டில் அடக்குவர். பாடியவர் பெயர்கள் பின்னட்டையிற் கடுகளவாக நிற்கும். முன்னட்டையிலோ நடிகர், சமையற்கலைஞர், மோட்டார் வண்டிகளைப் பற்றித் தொலைக்காட்சியிற் பேசுபவர் என்றிவர்களுள் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பர். வண்டி ஓட்டுதற்கு ஏற்ற பாட்டை வண்டிக்காரரும், வெங்காயம் அரிதற்கு ஏற்ற பாட்டைச் சமையற்காரரும் அறிந்திருத்தல் கூடும், நாம் மறுக்கவில்லை. வெங்காயத்துக்கு முகாரியே பொருந்தும் என்பது எமது தாழ்மையான கருத்து.

உண்மையில் தொகுக்கும் வேலை எளியதன்று. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. பாட்டை இயற்றியவருக்குத் தனியுரிமை உண்டு. அவ்வுரிமைகளை எழுதிக் கேட்டு, விலை பேசி, மறுமொழி வாராதவற்றையும் விலை மிகுந்தவற்றையும் நீக்கி, எஞ்சியவற்றை முன்பின்னாக ஒழுங்குபடுத்துபவர், கம்பனி அலுவலகத்தில் ஏதோ ஒரு மேசையின் பின்னே இருப்பவர். ஆகவே “என் உள்ளங்கவர்ந்த பாடல்கள்” என்பதற்கு “இணக்கம் கிடைத்த பாடல்கள்” எனப் பொருள் கொள்ளுதல் பல இடங்களிற் பொருந்தும்.

பழைய சான்றொன்று காட்டுவோம். ஜாக்கி கிளீசன் என்பவர் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். இசைக்குறிப்பை வாசிக்கவோ எழுதவோ அவர் அறியார். அவர் பெயரைத் தாங்கி, ‘காதலர்க்கு மட்டும் இசை’ எனப் பொருள்படும் தலைப்போடு, 1952ஆம் ஆண்டிலே கப்பிட்டல் நிறுவனத்தார் ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். கேட்டுப் பழகிய காதற் பாடல்களின் மெட்டுக்களை வாத்தியக் குழுவினர் மெல்ல வாசித்த தட்டு அது. விற்பனைப் பட்டியலின் முதற் பத்து இடங்களுள் 153 வாரங்கள் அது நின்றது. அவர் பெயரால் மேலும் பல தட்டுக்கள் தொடர்ந்தன. அம்முதற்றட்டில் நெஞ்சுருக டிரம்பெற் ஊதியவர் பொபி ஹக்கெற். கிளீசனுக்கு நல்ல செவி வாய்த்திருந்தது என்று அவர் பக்கத்தார் கூறுவர். வாய்த்திருக்கட்டும். செவி கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்திலும் மூச்சுக் கொடுத்தவர் பெயர் சிறிய எழுத்திலும் அமைந்தமையே எமக்கு உறுத்துகின்றது.

திகிற்பட இயக்குநர் அல்பிரட் ஹிச்கொக் 1958இல் வெளியிட்ட தட்டு வேறு வகையைச் சார்ந்தது. ‘கொலையுண்ணும்போது கேட்டற்குரிய இசை’ என்பது அதன் தலைப்பு. அட்டைப் படத்தில், ஒரு கையிற் கோடரியும் மறுகையில் துப்பாக்கியுமாகத் தமது தலைக்கே குறிவைத்து நிற்பார். இசை ஜெஃப் அலெக்ஸாந்தருடையது. ஹிச்கொக் இடையிடையே வந்து தமக்கே உரிய குரலில் பேசிச் செல்வார். தம் பெயரைத்தான் விற்கிறோம் என்பதை மறையாது, அதனையே பகிடியாக்கியவரோடு எமக்கு வழக்கில்லை.

ஸ்டார்பக்ஸ் என்னும் கோப்பிக்கடை நிறுவனம் 1999இல் ‘ஹியர் மியூசிக்’ என்ற இசை வணிகத்தை வாங்கியபின், புகழ்பெற்ற பாடகர் தெரிந்தெடுத்த பிறர் பாடல்களைத் தட்டுக்களாக விற்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர், ஜோனி மிச்செல் முதலியோர் அவ்வாறு தெரிந்தெடுத்தனர். பாடுகின்றவர் தமக்கு முன் பாடியவரைச் சுட்டிக் காட்டுதல் குருவணக்கம் போல்வது. இதனை நாம் எள்ளோம். கோப்பி ஆறுமுன் குருவணக்கத்தையும் வாங்கிச் செல்ல வேண்டியதாயிற்றே என்பது தவிர வேறு குறையில்லை. 2015இல் அக்கடைகள் இசைத்தட்டு விற்பதை நிறுத்திவிட்டன. கோப்பி இன்னும் விற்கின்றது.

இனி எம் முன்னோரைப் பார்ப்போம். எட்டுத்தொகை நூல்களும் தொகுப்புக்களே. ஆயின் அங்கே தொகுத்தார் வேறு, தொகுப்பித்தார் வேறு எனப் பிரித்தே எழுதி வைத்தனர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. கூடலூர் கிழாரை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, “ஐந்நூறும் யாமே தெரிந்தவை” என்று சேரன் முரசறைவித்திருப்பின், மறுத்துரைக்கத் துணிந்திருப்பார் யார்? அரசர்க்கு இல்லாத ஆசை நடிகர்க்கு எங்கிருந்து வந்தது? எனினும் காலம் எல்லார்க்கும் ஒரே நீதி செய்ததில்லை. நற்றிணையைத் தொகுப்பித்த பன்னாடு தந்த மாறன் வழுதி பெயரோடு நிற்கின்றான். தொகுத்த புலவர் பெயர் மறைந்துபோயிற்று. குறுந்தொகையிலோ மறுதலையாக, தொகுத்த பூரிக்கோ நிற்க, தொகுப்பித்தவர் மறைந்துவிட்டார். பூரிக்கோவின் பொருட்டு நாம் சிறிது மகிழ்வதுண்டு.

சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியவர் யாவர் என்பதையும் நன்னூலார் வரையறுத்துள்ளார். நூலாசிரியனுக்குக் கற்பித்தவர், அவனோடு ஒருங்கு கற்றவர், அவனிடம் கற்றவர், நூலுக்கு உரைகாணத் தக்கவர் என்பர். நால்வரும் நூலோடோ ஆசிரியனோடோ உறவுடையோர். வெங்காயம் அரிபவரை இந்நால்வருள் எவ்வகையில் அடக்குவது என்று பண்டிதர் ஒருவரைக் கேட்டோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே எம்மைப் பார்த்தார்; விடை கூறினாரில்லை.

விளம்பரம் யாவும் பொய் என்பதன்று எமது கட்சி. 1952இல் இலங்கை வானொலியில் தொடங்கிய ‘பினாக்கா கீதமாலா’ இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியைப் பழைய மாணவர் பலர் நினைவில் வைத்திருப்பர். பற்பசைக் கம்பனி பணம் கொடுத்தது. அமீன் சயானி அறிவித்தார். பாட்டுக்களின் வரிசையை நேயர் விருப்பமும் தட்டு விற்பனையும் வகுத்தன. பாட்டைத் தானே தெரிந்தெடுத்ததாகப் பற்பசை ஒருநாளேனும் சொன்னதில்லை.

பிரபலர் முகத்தை நம்பித் தட்டு வாங்கியவர் பாட்டுக்கு மட்டும் விலை கொடுத்தாரல்லர். தமது செவியில் தமக்கே நம்பிக்கையில்லை என்னும் கூச்சத்துக்கும் சேர்த்தே கொடுத்தார். தட்டுக்கள் அருகிவிட்ட இந்நாளிலும் கூச்சம் அருகவில்லை. தலைவர்களும் நடிகர்களும் விளையாட்டு வீரரும் வெளியிடும் பாட்டுப் பட்டியல்கள் எம் பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கின்றன. பாடியவர் யார் என்று கேட்டால், பட்டியலிட்டவர் பெயரைச் சொல்லுகின்றனர்.

நாம் விடுதியில் இருந்த நாளிற் சனிக்கிழமை இரவுகளில் மட்டும் வானொலிப் பெட்டி திறக்கப்படும். மூத்த மாணவர் ஒருவர் கேட்ட பாட்டுக்களையெல்லாம் தமது கணக்குக் கொப்பியின் பின்புறத்திற் குறித்து வருவார். பாடியவர் பெயர், தெரிந்தால் இராகம், நன்றெனில் ஒரு புள்ளி, மிக நன்றெனில் இரு புள்ளி. தாம் போற்றும் பாடகருக்கு ஒரு புள்ளியே இட்டார் என்று அவரோடு ஒரு கிழமை பேசாதிருந்தோரும் எம்முள் இருந்தனர். ஒருநாள் அக்கொப்பி கணக்காசிரியர் கையில் அகப்பட்டது. முன்புறத்துக் கணக்குகளைச் சிவப்பு மையாற் கோடிட்டுத் தள்ளிய அவர், பின்புறத்தைப் புரட்டி நெடுநேரம் வாசித்தார். நாம் பிரம்பை எதிர்பார்த்திருந்தோம். அவரோ ஒரு பாட்டின் அருகே அதே சிவப்பு மையால் இன்னுமொரு புள்ளி இட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.