இணைப்பில் மறையும் எண்மர்

தரவுத்தளத்தின் அட்டவணைகளை ஒன்றிணைப்பது வெறும் தொழினுட்ப வேலை என்றும், கலைப்பீடத்தார் அதில் தலையிட வேண்டியதில்லை என்றும் கூறுவோர் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

1970 இல் எட்கார் கொட் வெளியிட்ட உறவுநிலை மாதிரியின் வழிவந்த தரவுத்தளங்களில் தரவுகள் தனித்தனி அட்டவணைகளில் வைக்கப்பட்டு, வேண்டும்போது பொதுவானதோர் எண்ணைக் கொண்டு பொருத்தப்படுகின்றன. மாணவர் அட்டவணையில் 100 பெயர்களும், புள்ளி அட்டவணையில் ஒருவருக்கு ஒன்றாக 92 பதிவுகளும் உள்ளன என்று கொள்வோம். இரண்டையும் சுட்டெண்ணால் உள்ளிணைப்புச் செய்தால் 92 பேரே வருவர். நோயாலோ வறுமையாலோ பரீட்சைக்கு வராத எண்மர் தோற்றவர்களாகக்கூட அன்றி, இல்லாதவர்களாகவே ஆகிவிடுகின்றனர். கணனி இதனைத் தவறென்று அறிவிப்பதுமில்லை.

புறவிணைப்பைக் கையாண்டால் தீருமே என்பர். தீராது. எண்மரின் பெயர்களும் வரும். புள்ளிக்குரிய இடம் வெறுமையாக நிற்கும். ஆயின் சராசரி காணும் கட்டளை அவ்வெறுமையைத் தள்ளிவிட்டு 92 ஆலேயே வகுக்கும். மேலதிக வகுப்புத் தேவைப்படுவோரை அறியும் பொருட்டு, 40 இலும் குறைந்த புள்ளி பெற்றோரைத் தருக என நிபந்தனை விதித்தாலோ அவ்வெண்மர் மீண்டும் மறைவர். வெறுமை 40 இலும் குறைந்ததா என்ற வினாவுக்கு எஸ்.கியூ.எல். மொழி தரும் விடை ஆம் என்பதுமன்று, இல்லை என்பதுமன்று, தெரியாது என்பதே. தெரியாதவை விலக்கப்படும். எவருக்கு உதவி மிகுதியும் வேண்டுமோ அவரே பட்டியலில் இரார்! (இதற்கு மறுதலையான கேடும் உண்டு. ஒரே மாணவரின் மூன்று பாடப் பதிவுகளையும் இரண்டு உதவிப்பணப் பதிவுகளையும் ஒருங்கே இணைத்தால் ஆறு நிரைகள் தோன்றி, உதவிப்பணம் மும்மடங்காகக் கூட்டப்படும்.)

இத்தகைய இணைப்பு, தரவுத்தளத்திலேயே சேமித்துவைத்துப் பெயர்சொல்லி அழைக்கப்படும் செயன்முறைக்குள் இடப்படும்போது நிலைமை மேலும் மோசமாகின்றது. ஒரே கணக்கைப் பலரும் பலவாறு எழுதும் குழப்பத்தை அது நீக்குகின்றது என்பது மெய்யே. ஆனால் எழுதியவரின் தீர்ப்பும் அதனுள் பூட்டப்படுகின்றது. அழைக்கும் அலுவலர் அறிக்கையை மட்டுமே காண்கின்றார். விடுபட்டோரை எவரும் காண்பதில்லை.

யாரை எண்ணுவது என்பது செய்நிரலாளர் தனித்துத் தீர்மானிக்க வேண்டியதன்று. அறிக்கை கேட்போர் அதனை முன்னரே எழுத்தில் கொடுத்தல் வேண்டும். செயன்முறையும், இணைந்த நிரைகளோடு இணையாது நின்றவற்றின் எண்ணிக்கையையும் தருதல் வேண்டும். அதற்கு வேண்டியவை ஒருசில வரிகளே. அவற்றை எழுதாமைக்கு நேரமின்மையைக் காரணங் காட்டவியலாது.